முதல் குரூப் எல்லாப் பூட்டுக்கும் சாவியல்ல

மே மாதத்தில் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே பேச்சுதான். “சார், பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் போட்டுடுங்க. அதை எடுத்துட்டா நாளைக்கு எதுக்கு வேணும்னாலும் போய்க்கலாம்.” இருபது ஆண்டுகளாகச் சேர்க்கை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணக்குப்பதிவியல் ஆசிரியன் நான். சொல்கிறவர்கள் மாறுகிறார்கள், சொல் மாறவில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இந்த நம்பிக்கை தவறு. படிக்கக்கூடிய பிள்ளைகள் பலரின் இரண்டு ஆண்டுகளை அது தின்றிருப்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் குரூப் என்றால் தமிழ், ஆங்கிலத்தோடு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கணிதம் இருப்பதால் பொறியியலுக்குப் போகலாம், உயிரியல் இருப்பதால் மருத்துவத்துக்குப் போகலாம் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். விண்ணப்பம் போடும் தகுதி என்ற அளவில் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் விண்ணப்பம் போடுவது வேறு, இடம் வாங்குவது வேறு.

மதிப்பெண்ணை எடுத்து வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்கு ஒன்றும் இல்லை. நீட் தேர்வுக்கு 720. அதில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. கணிதத்துக்கு ஒன்றும் இல்லை. ஆக, ஒரு போட்டியில் பாதி கணிதம், இன்னொரு போட்டியில் பாதி உயிரியல். இரண்டையும் சுமக்கும் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும், கண் விழித்துப் படித்த ஒரு பாடம் அங்கே செல்லாக் காசு. நீட் போட்டியில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ ப்யூர் சயின்ஸ் எடுத்து, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாக இரண்டு ஆண்டு ஊன்றிப் படித்துவிட்டு வந்திருக்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர் இரண்டையும் கடப்பதில்லை.

மருத்துவம், பொறியியல் என்ற இரண்டைத் தாண்டிப் பார்த்தால் ‘எதுக்கு வேணும்னாலும்’ என்ற வாக்கு இன்னும் பலவீனமாகிறது. பல கல்லூரிகளில் பி.காம். சேர்க்கையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்த பிள்ளைகளுக்கே முன்னுரிமை. முதல் குரூப் பிள்ளை அங்கே வரிசையின் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எந்தக் குரூப் பிள்ளையும் எழுதலாம். ஆனால் அதன் முதல் தாளே கணக்கியல். இரண்டு ஆண்டு பேரேடு எழுதிப் பழகிய கையும், அன்றுதான் பற்று எது வரவு எது என்று கேட்கும் கையும் ஒன்றல்ல. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வும் நம் குரூப் 1 தேர்வும் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. மேல்நிலையில் என்ன படித்தாய் என்று அவை கேட்பதில்லை. இந்தக் கதவுகளைத் திறக்க உயிரியலும் வேண்டாம், கணிதமும் வேண்டாம்.

பிறகு ஏன் இந்த மோகம்? வரிசைக்காக வைத்த எண்ணை நாம் தரத்தின் எண்ணாக மாற்றிக்கொண்டதுதான் காரணம். ஒரு பள்ளியில் கணினி அறிவியல் இரண்டாம் குரூப். அடுத்த தெருப் பள்ளியில் ப்யூர் சயின்ஸ் இரண்டாம் குரூப். பள்ளிக்குப் பள்ளி மாறும் எண்ணில் என்ன தரம் இருக்கிறது? ஆனாலும் பத்தாம் வகுப்பின் 500 மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனைக்கு மேல் என்றால் முதல் குரூப், அதற்குக் கீழே அடுத்தது, மிச்சம் வணிகவியல் என்று பள்ளிகள் சலித்துப் போடுகின்றன. என் வகுப்புக்கு ஜூன் மாதம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தோற்றுப்போன முகத்தோடு வருகிறார்கள். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை எதில் தோற்றது? வணிகவியலை ஆசைப்பட்டுக் கேட்ட 480 மதிப்பெண் மாணவியை, “இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏம்மா?” என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் நானும் இருந்தேன். அன்று பேசாமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

இந்த மோகத்துக்குப் பணத்தில் மட்டும் விலை கொடுப்பதில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அந்தக் குரூப் இல்லை, அல்லது இருந்தும் நம்பிக்கை இல்லை என்று, பதினோராம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் குடும்பங்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டுக்காக வெளியேறும் பிள்ளை அந்த உரிமையை இழக்கிறது. கதவு திறக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய பணம், திறந்திருந்த கதவைச் சாத்திவிடுகிறது.

“பதினைந்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பின்னால மனசு மாறினா?” என்று கேட்பார்கள். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான், இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனம் மாறுவது உண்மை. அதற்கு மருந்து எல்லாவற்றையும் தலையில் ஏற்றுவது என்றால், நான்கு பாடத்திலும் நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளை மனம் மாறி எங்கே போகும்? மேலும், மனம் மாறியவர்களுக்கு வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. வணிகவியல் படித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்புக்கு எந்தக் குரூப் பிள்ளையும் வரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். இவை சுற்றுவழிகள்தான். ஆனால் விருப்பம் உள்ள பிள்ளை சுற்றுவழியில் நடந்து சேர்ந்துவிடும், விருப்பமில்லாத பிள்ளை நேர்வழியிலேயே உட்கார்ந்துவிடும்.

பாடத் தேர்வு முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வின் பொதுப் பிரிவில் நிற்க முடியாது. உயிரியல் இல்லாமல் நீட் எழுத முடியாது. தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படைக்கோ விமானப்படைக்கோ போக ஆசைப்பட்டால் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும், தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் போதும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்கக் கணிதம் வேண்டும். ஆகவே வணிகவியல் பக்கம் வருகிறவர்களும் வணிகக் கணிதம் உள்ள குரூப்பா, வரலாறு உள்ள குரூப்பா என்று யோசித்துத்தான் எடுக்க வேண்டும். உயிரியலும் கணிதமும் இரண்டுமே இனிக்கிற பிள்ளை தாராளமாக முதல் குரூப் எடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அது விருந்து. பயத்தில் எடுக்கிற பிள்ளைக்குத்தான் அது சுமை.

பெற்றோரிடம் நான் கேட்பது எளிய காரியம். குரூப்பிலிருந்து படிப்புக்குப் போகாமல், படிப்பிலிருந்து குரூப்புக்கு வாருங்கள். பிள்ளை ஆசைப்படும் மூன்று பட்டப்படிப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாடம் கட்டாயம், எந்தப் பாடத்தின் மதிப்பெண் சேரும் என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்றுக்கும் பொதுவாக நிற்கும் பாடங்களே அந்தப் பிள்ளையின் குரூப். பள்ளிகளிடம் கேட்பது இன்னும் எளியது. 480 வாங்கிய மாணவி வணிகவியல் கேட்டால், மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

தேர்வு முடிந்ததிலிருந்து சேர்க்கை வரை விடுமுறை நாட்கள் இருக்கின்றன. பதினோராம் வகுப்புப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இயற்பியலில் ஒரு பாடம், உயிரியலில் ஒரு பாடம், கணக்குப்பதிவியலில் ஒரு பாடம், வரலாற்றில் ஒரு பாடம் என்று பிள்ளையின் கையில் கொடுங்கள். எதைப் பாதியில் மூடியது, எதில் அடுத்த பாடத்தையும் தானாகப் புரட்டியது என்று கவனியுங்கள். பிறகு மேசைக்கு வாருங்கள். இந்த முறை பிள்ளை பேசட்டும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.