மூணு சிங்கம் போட்ட மெயில்!

என் ரூம்மேட் டி-ஷர்ட் பிரின்ட் பண்ணி விக்கிறான். ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச பிசினஸ், இப்போ நாலு காலேஜுக்குப் போகுது. பிராண்ட் பேரை எவனும் சுட்டுடக் கூடாதேனு 4,500 ரூபாய் கட்டி டிரேட்மார்க்குக்கு அப்ளை பண்ணினான். தனிநபர் ஆன்லைன்ல ஒரு பிரிவுக்கு அப்ளை பண்ண அதுதான் கவர்ன்மென்ட் ஃபீஸ்.

போன மாசம் ஒரு போன். ''டிரேட்மார்க் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். உங்க பிராண்டை ஜர்னல்ல போடணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 7,200 கட்டலைன்னா அப்ளிகேஷன் கேன்சல்!'' பின்னாடியே மெயில். மூணு சிங்க முத்திரை, அப்ளிகேஷன் நம்பர், வீட்டு அட்ரஸ்... எல்லாம் கரெக்ட்! துணி வாங்க வெச்சிருந்த காசு ஜி-பே-யில பறந்துடுச்சு.

''நம்பரைக் கரெக்டா சொன்னான் மச்சி, அதான் நம்பிட்டேன்''னு ஒரே புலம்பல். மேட்டரே அங்கதான் இருக்கு. டிரேட்மார்க் அப்ளிகேஷன் ரகசியம் கிடையாது. ஆபீஸ் வெப்சைட்ல யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். எதிர்ப்பு இருக்கிறவங்க நாலு மாசத்துக்குள்ள சொல்லணும்னு, ஏத்துக்கிட்ட அப்ளிகேஷனை எல்லாம் பேர், அட்ரஸோட வாராவாரம் ஜர்னல்ல போடுறாங்க. நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டை கைடு படிக்கிறாரோ இல்லையோ, இவனுங்க அதை வரி விடாம படிக்கிறானுங்க!

ஜர்னல்ல போட தனி ஃபீஸே கிடையாது. சர்ட்டிஃபிகேட்டுக்கும் கிடையாது. ஆன்லைன்ல அப்ளை பண்ணினவங்க எதைக் கட்டணும்னாலும் டிரேட்மார்க் ஆபீஸோட ஆன்லைன் தளத்துக்குள்ள லாகின் பண்ணித்தான் கட்டணும். யாரோ ஒரு ஆளோட யு.பி.ஐ. ஐ.டி.க்கு இல்லை. இவனுக்கு வந்த மெயில் ஐ.டி.யே ஜிமெயில். சிங்கத்தைப் பார்த்த பையன் அதைப் பார்க்கலை.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரியே கம்பெனிக்குப் பேர் வெச்சு, 'டிரேட்மார்க்கை புதுப்பிக்கணும்'னு லெட்டர் போட்டு வசூல் பண்ணின ஒரு லாட்வியாக்காரருக்கு 2021-ல நாலு வருஷத்துக்கு மேல ஜெயில் கிடைச்சது.

எனக்கு இவன் மேல கோபம் எதுக்குன்னா, அசிங்கமா இருக்குனு ரெண்டு நாள் எங்ககிட்டகூட மூச்சு விடலை. உடனே 1930-க்கு போன் அடிச்சிருந்தா, பணம் கைமாறுறதுக்குள்ள அந்த அக்கவுன்ட்டை முடக்க சான்ஸ் இருந்திருக்கும். மூணாவது நாள்தான் கம்ப்ளைன்ட் கொடுத்தோம். பணம் இன்னும் வரலை.

நேத்து ஸ்டேட்டஸ் பார்த்தோம். அப்ளிகேஷன் எந்தச் சேதாரமும் இல்லாம வரிசையில நிக்குது. துணி வாங்கத்தான் இப்போ ஹாஸ்டல்ல ரூம் ரூமா வசூல் நடக்குது!