வெட்கத்துக்கு எத்தனை புள்ளி?

ஆணுறை வாங்க வெட்கமா? ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் போடச் சொன்னால் நீங்கள் எத்தனை போடுவீங்கள்?

1994இல் ஹெல்வெக்-லார்சன், கொலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி 25 வசனங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நம்பகத்தன்மை, இன்பம், பாவிப்பவருக்கு வரும் அவப்பெயர், துணையோடு பேசும் கூச்சம், வாங்கும் கூச்சம் என்று ஐந்தையும் அது தனித்தனியாக அளக்கும். நல்ல விசயம். ஆணுறையை முழுசா நம்புறவருக்கும் கடையில் கேட்க வாய் வராமல் போகலாம்தானே.

அதை அப்படியே மொழிபெயர்த்து எங்கட ஊருக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல். முகம் தெரியாத பெரிய கடையில் நாங்களே எடுத்துக்கொண்டு வாறதும், அப்பாவோட படிச்சவர் நிற்கிற பாமசியில் வாய்விட்டுக் கேக்கிறதும் ஒன்றா? கலியாணமாகாத பெண்பிள்ளைக்கு 'துணையோடு பேசுவது' பற்றிய கேள்வியே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லுற மாதிரி. நடுவில் இருக்கிற 4ஐப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவாள். அந்த 4இல் இருப்பது அவளுடைய பயம்.

பிறகு, "தமிழ் இளைஞரின் மனப்பாங்கு சரியில்லை" என்று முடிவு எழுதுவார்கள். எங்களுக்கு இன்னொரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பார்கள். பாமசியில் ஆணுறை கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்.

நாடுகளை ஒப்பிட முதல், இங்க நாலு பேருக்குக் கேள்விகளை வாசிச்சுக் காட்டி, என்ன விளங்கினது என்று கேளுங்கோ. பெயர் எழுதாமல், தனியா இருந்து பதில் எழுத விடுங்கோ. எண்களைப் பிறகு கூட்டலாம்.