முட்டை அட்டையை நம்பாதீங்க மக்களே

எட்டு பேர் சேர்ந்து பாடி ரெக்கார்ட் பண்ணணும்னா உடனே மைக் விலை விசாரிக்கிறோம். கல்ச்சுரல்ஸ் காசு முழுக்க அதிலேயே போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் ரூமைக் கவனிக்கணும்.

ஒரகடம் பக்கம் வாடகை ரூம் என்றால் வழவழ சுவர், டைல்ஸ் தரை. 10 அடி ரூமில் சத்தம் ஒரு செகண்டில் 100 தடவைக்கு மேல் சுவரில் மோதும். கை தட்டிப் பாருங்கள், தெரியும். ஒருத்தர் பாடினால் மைக்கை வாய்க்கிட்ட வைத்துச் சமாளிக்கலாம். எட்டு பேர் என்றால் மைக் தள்ளித்தான் நிற்கும், அப்போது குரலோடு சுவரும் சேர்ந்து பாடும்.

முட்டை அட்டை வேஸ்ட். (ஆம்லெட்டாவது மிச்சம்!) கனமான பஞ்சு மெத்தைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அரைவட்டமாக நில்லுங்கள், கணீர் குரல்காரர் ஓர் அடி பின்னால்.

கன்டெய்னர் லாரி சத்தத்தை மெத்தை தடுக்காது. ரோட்டுப் பக்கம் இல்லாத ரூமாகப் பிடிக்கணும். ராத்திரி எடுக்கலாமே என்பீர்கள். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊரில் ராத்திரி ஏது?