தோட்டத்தைச் சுமந்தவர்கள்

ஜப்பானியத் தோட்டம் என்றவுடன் நம் இலக்கிய எழுத்தில் மூன்று சொற்கள் வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன: ஜென், மௌனம், வெறுமை. எந்தத் தோட்டம், யாருடைய பணம், யாருடைய உழைப்பு என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பத்திகள் ‘தியானித்த’ பழக்கம் நம்மிடமும் இருந்தது. அதை விட்டொழிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

ஜப்பானின் வடமேற்குக் கரையில், யமகதா மாகாணத்தில் உள்ள துறைமுகம் சகாடா. மொகாமி ஆற்றின் வழியே வந்து சேரும் நெல்லரிசி, 1672-இல் காவாமுரா ஸுய்கென் சீர்செய்த மேற்குக் கடல்வழியில் ஒசாகாவுக்கும் எதோவுக்கும் போயிற்று. அந்த வணிகத்தில் தழைத்த குடும்பம் ஹொன்மா. வணிகத்தில் ஈட்டியதை நிலத்தில் போட்டார்கள். பிரபுக்களுக்குக் கடன் கொடுத்தார்கள். நாட்டின் மிகப்பெரிய நிலவுடைமைக் குடும்பங்களுள் ஒன்றாக ஆனார்கள்.

அக்குடும்பத்தின் நான்காம் தலைவரான கோதோ, 1813-இல் தம் வளமனையில் ஒரு தோட்டம் அமைத்தார். ககுபுயென் என்பது அதன் பெயர். குளத்தைச் சுற்றி நடந்து காணும் வகையைச் சேர்ந்தது. தொலைவில் நிற்கும் 2,236 மீட்டர் உயரச் சோக்காய் மலையையும் தன் காட்சிக்குள் சேர்த்துக்கொள்வது. இந்த உத்திக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘கடன் வாங்கிய காட்சி’. ஊருக்கெல்லாம் கடன் கொடுத்த குடும்பம் மலையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது!

ஆனால் நாம் வாசிக்க வேண்டிய வரி வேறொன்று. குளிர்காலத்தில் அக்கடலில் வடமேற்குக் காற்று சீறும், கப்பல்கள் வாரா. கப்பல் வராவிடில் மூட்டை சுமப்பவனுக்குக் கூலி இல்லை. அந்தத் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் குளிர்கால வேலை தருவதற்கென்றே இத்தோட்டப்பணி தொடங்கப்பட்டது. சாதோ தீவின் செங்கல்லும் இயோ நாட்டின் பசுங்கல்லும் வணிகக் கப்பல்களில் வந்திறங்கியவை. நாம் ‘மௌனம்’ என்று எழுதும் கற்கள், கடலோரக் காற்றில் கூலிக்குச் சுமந்த தோள்களை அறிந்தவை.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் பாய்வர்: எத்தகைய வள்ளல் குடும்பம் என்று. அதுவும் சோம்பேறி வாசிப்பே. கூலி கொடுத்த கையும் குத்தகை வாங்கிய கையும் ஒன்றுதான். கூலிக்காரனுக்குக் குளிர்காலத்தில் சோறு கிடைத்தது. குடும்பத்துக்கு, ஷோனாய் பிரபுவை வரவேற்க ஒரு தோட்டம் கிடைத்தது. இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் வரலாறு எழுதவில்லை, விளம்பரம் எழுதுகிறார்.

போருக்குப் பின், 1946-இல் சட்டமான நிலச்சீர்திருத்தம் பெருநிலவுடைமையை உடைத்தது. 1947-இல் இவ்வளமனை ஹொன்மா கலைக்கூடமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2012-இல் தோட்டம் தேசிய எழிலிடமாக அறிவிக்கப்பட்டது. பிரபுவுக்காகத் திறந்த கதவு, நுழைவுச்சீட்டு வாங்கும் எவருக்கும் திறந்தது.

‘இக்கணக்கையெல்லாம் பார்த்தால் அழகு கெட்டுவிடாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். கெடாது. கணக்கைக் கேட்டதும் கலைந்துபோகும் அழகு முதலில் தோட்டத்தில் இருந்ததே இல்லை. நம் சோம்பலில்தான் இருந்தது. பசுங்கல் இன்றும் பசுங்கல்தான். அது எங்கிருந்து, எதற்காக வந்தது என அறிந்தவருக்கு அது கூடுதலாக ஒன்றைச் சொல்லும்.

ஜென் மடங்களின் தோட்டங்கள் உண்டு. அவற்றை அவ்வாறே எழுதுவோம். வணிகனின் தோட்டத்தை வணிகனின் தோட்டமாகவும், கூலியாளின் தோட்டமாகவும் எழுதுவோம். சுமந்தவனை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வியக்கும் எழுத்து நமக்கு இனி வேண்டாம்.