அப்பா கையில ஒரு தகடு

போன மாசம் ஒரு காலை. பிர்லா மந்திர்ல கும்பிட்டுட்டு, நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கற மந்திர் மார்க்லயே நடந்து வந்துக்கிட்டிருந்தேன். ஒரு பெரியவர் வேர்த்துக் கொட்டி, தள்ளாடி, நடைபாதையில உக்காந்துட்டார். சுத்தி நின்னவங்க "ஷராபி"ன்னு சிரிக்கறாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா... எங்க காலனி நண்பரோட அப்பா! ஊர்லேர்ந்து வந்து பத்து நாள்தான் ஆச்சு. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. இன்சுலின் போட்டுக்கிட்டு, டிபன் சாப்பிடாம கோயிலுக்குக் கிளம்பியிருக்கார். சர்க்கரை இறங்கிடுச்சு. நல்லவேளை, முழுங்கற நிலையில இருந்தார். டீக்கடையில சர்க்கரைத் தண்ணி வாங்கிக் குடுத்தோம். கால் மணியில தெளிஞ்சார்.

நான் அந்தப் பக்கம் வராம இருந்திருந்தா?

"அப்பா கையில விவரம் எழுதி ஒரு தகடு மாட்டி விடுங்க"ன்னேன் நண்பர்கிட்ட. "நோயாளின்னு ஊருக்குத் தண்டோரா போடணுமா சார்?"னு முகம் சுளிச்சார். எனக்கு வந்ததே கோபம்! அரைஞாண், தாயத்து, காசிக்கயிறு எல்லாம் கட்டற உடம்புக்கு இது மட்டும் அவமானமா?

கலிஃபோர்னியாவில 1953ல லிண்டா காலின்ஸ்ங்கற பொண்ணு, டெட்டனஸ் மருந்து ஒத்துக்காம சாவோட விளிம்புக்குப் போய் வந்தா. டாக்டரான அவ அப்பா, மகளுக்குச் செஞ்ச கைச்சங்கிலியை எல்லாருக்கும் ஆக்கத்தான் 1956ல மெடிக்அலர்ட் அமைப்பையே தொடங்கினார். அப்பா மகளுக்குச் செஞ்சதை, மகன் அப்பாவுக்குச் செய்யக் கூடாதா?

"போன்ல போட்டு வெச்சா போதாதா?"ம்பீங்க. வெச்சீங்களா? பூட்டின திரையிலயே அவசர விவரம் காட்டற வசதி பல வருஷமா இருக்கு. நிரப்பினவங்க கை தூக்குங்க! தவிர, கோயிலுக்குப் போற பெரியவர் போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போவார். ஆபா எண்ணா? அந்த 14 இலக்கத்தைச் சொல்ற தெளிவிருந்தா, "எனக்குச் சர்க்கரை"ன்னே சொல்லிடுவாரே!

இன்னொண்ணு. ரத்த வகையை மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. அதை ஆஸ்பத்திரியில எப்படியும் சோதிச்சுட்டுத்தான் ரத்தம் ஏத்துவாங்க. இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, பென்சிலின் ஒவ்வாமை, பேஸ்மேக்கர்... இதை எழுதுங்க. கூடவே உங்க போன் நம்பர். ஹிந்தியிலயும் இங்கிலீஷ்லயும். பேர் பொறிக்கற கடையில ஒரு ஸ்டீல் தகடு, அவ்வளவுதான் வேலை.

பேங்க்ல தினம் பார்க்கறேன். எஃப்டிக்கு நாமினி, லாக்கருக்கு நாமினி... செத்தா பணம் யாருக்குன்னு மறக்காம எழுதறோம். சாகாம இருக்க நாலு வார்த்தை எழுத மாட்டோமா?

உங்க வீட்டுப் பெரியவங்க கையில என்ன இருக்கு? சொல்லுங்க.