டீசல் காரா? முதல்ல கிலோமீட்டரைக் கணக்குப் போடுங்க

எங்க ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போனவங்க, ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் பார்த்திருப்பீங்க, அதேதான்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப சித்தப்பா பையன் ஒரு டீசல் எஸ்யூவி கொட்டேஷனோட வந்தான். சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 55,000. "அண்ணா, மாசம் ரெண்டு தடவை ஊருக்கு வர்றேன். டீசல்தானே லாபம்?"

2012-ல கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப "வேணாம்டா"ன்னு சொன்னேன். காரணம் பிஎஸ் 6.

என்ன மாறிச்சு?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 வந்தது. பிஎஸ் 5-ஐத் தாண்டி நேரா ஒரே தாவல். நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் பாருங்க. பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 60 ஆச்சு. டீசல் காருக்கு 250-லிருந்து 80! பெட்ரோல் இன்ஜினுக்குச் சின்ன வேலை. டீசலுக்கு ஃபில்டர், சென்சார்னு பெரிய செலவு. அதனாலதான் மாருதி அப்பவே டீசலை நிறுத்திட்டாங்க. 2023 ஏப்ரல்ல நிஜ ரோட்டுல புகையை அளக்கிற அடுத்த கட்டம் வந்தது. அதையொட்டி ஐ20 டீசல், அமேஸ் டீசல் எல்லாம் போயிடுச்சு.

விதி தப்புன்னு நான் சொல்லமாட்டேன். முன்னாடி அந்தச் செலவை நம்ம நுரையீரல் கட்டிச்சு, இப்ப பில்லுல வருது. பில்லுல வந்தா கணக்காவது போடலாம்.

தம்பியோட கணக்கு

ரவுண்டா எடுத்துக்குவோம். டீசலுக்கு ஆன்ரோடு கூடுதல் விலை 1.7 லட்சம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 16. டீசல் 93 ரூபாய், மைலேஜ் 20. கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 1.65 ரூபாய்.

அந்த 1.7 லட்சமும் லோன்தான். 9% வட்டி, 7 வருஷம்னா வட்டியே 60,000 கிட்ட. மொத்தம் 2.3 லட்சம். அதை எடுக்க 1.39 லட்சம் கிலோமீட்டர் ஓட்டணும்.

தம்பி ஊருக்குப் போக வர 240 கிலோமீட்டர். மாசம் ரெண்டு தடவை, கூட சென்னைக்குள்ள கொஞ்சம். வருஷத்துக்கு 8,000 தாண்டாது. ஆக, 17 வருஷம்! ஆர்சி-யே முதல்ல 15 வருஷத்துக்குத்தான் தர்றாங்க.

டிராஃபிக்ல இன்னொரு தலைவலி

டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. நல்லா சூடாகிற மாதிரி ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் ஓட்டினாத்தான் அந்தக் கரி எரியும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் ஓட்டினா அடைச்சுக்கும், டேஷ்போர்டுல லைட் எரியும். கவனிக்காம விட்டா பெரிய செலவு.

டெல்லியில 10 வருஷம் தாண்டின டீசலுக்குத் தடை, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு உத்தரவு வந்ததும் ஞாபகம் இருக்கட்டும். தமிழ்நாட்டுல அது இல்லை. ஆனா விதி இறுகும்போது முதல் அடி டீசலுக்குத்தான்.

அப்ப யாருக்கு டீசல்?

வருஷம் 25,000 கிலோமீட்டர், அதுவும் ஹைவேயில ஓடுறவங்களுக்கு. ஆறு வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடும். தாராளமா வாங்குங்க.

தம்பி மாதிரி ஆட்களுக்கு பெட்ரோலே போதும். ஈஎம்ஐ-யில மாசம் 2,700 குறையும். பெட்ரோலுக்குக் கூடுதலா 1,100 போகும். மீதி 1,600 ரூபாயை எஸ்ஐபி-ல போடுங்க.

எங்கப்பா உப்பு வியாபாரத்துல அடிக்கடி சொல்வாரு: "ஈர உப்பை எடை போட்டு வாங்காதே, தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பே." ஷோரூம்ல சொல்ற மைலேஜும் ஈர உப்புதான். உங்க கிலோமீட்டரை வெச்சு காயவைங்க, அப்புறம் எடை போடுங்க.