நானூறு ரூபாய்க் கூலியும் காப்பீட்டு வரம்பும்

ஒரு நலத்திட்டத்தின் செலவைக் கட்டுப்படுத்த அரசு எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. வருமான வரம்பை உயர்த்தாமல் இருந்தாலே போதும். கூலி பெயரளவில் உயர உயர, ஏழைகள் தாமாகவே பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவார்கள்.

2009 ஜூலையில் தொடங்கப்பட்ட கலைஞர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயாக வைத்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும் அது மாறவில்லை. 2022இல்தான் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

இதைப் பொங்கலூரில் பொருத்திப் பார்ப்போம். இவ்வட்டார அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். நாளுக்கு 400 ரூபாய் கூலி, மாதம் 26 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 1,24,800 ரூபாய். ஒருவர் கூலியே குடும்பத்தைத் தகுதியிழக்கச் செய்துவிடுகிறது. மறுபுறம், இ.எஸ்.ஐ. திட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. சிறு ஜாப் ஒர்க் கூடத்தில் தைப்பவருக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

'வருமானச் சான்றில் குறைத்துக் காட்டினால் அட்டை கிடைத்துவிடுமே' என்பார்கள். உரிமை, அதிகாரியின் தயவாக மாறுவது அங்கேதான். சாதி ஆதிக்கம் நிலவும் ஊரில் அந்தத் தயவுக்கு யார் கைகட்டி நிற்க நேரும் என்பதை நாம் அறிவோம்.

2018 செப்டம்பரில் இத்திட்டம் ஒன்றிய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. காப்பீடு 5 லட்சம் ரூபாயானது. ஆனால் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தகுதிபெற்ற குடும்பங்களுக்கே முதன்மையாக ஒன்றிய அரசு 60 விழுக்காடு தருகிறது. மற்றக் குடும்பங்களின் சுமை பெரும்பாலும் மாநிலத்துடையது. பட்டியலைச் சுருக்கி வைப்பதில் இரு அரசுகளுக்கும் ஆதாயம் உண்டு.

நிதி இல்லை என்பது சட்டத்தின் முன் போதுமான விடையன்று. 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பு 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்றும், நிதி நெருக்கடியைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பு தேவையில்லை என 2024இல் ஒன்றிய அரசே முடிவெடுத்தது. வயதுக்காக நீக்க முடிந்த வரம்பை, தலைமுறைகளாய் நிலமும் சேமிப்பும் மறுக்கப்பட்டவர்களுக்காக ஏன் நீக்க முடியாது?

பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு வருமான வரம்பை நீக்குவதும், மற்றவர்களுக்கு அதை ஆண்டுதோறும் விலைவாசியோடு உயர்த்துவதும் உடனடிக் கோரிக்கைகள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அந்தத் தாள்களைத் திரட்டுவதிலிருந்து வழக்கு தொடங்கும்.